ஈகியூவா, தலையாட்டலா? அடகுக் கவுண்டரிலிருந்து ஒரு கேள்வி

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். வயது 23. லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டம். ஏஎல் வணிகப் பிரிவில் நல்ல ரிசல்ட். ஹட்டனில் ஒரு நிதிக் கம்பனிக் கிளையில் அடகுக் கவுண்டரில் சேர்ந்து ஐந்து மாதம். கணக்கு முடிக்கும்போது இதுவரை ஒரு ரூபாய் பிசகியதில்லை. ஆனால் மெனேஜர் கூப்பிட்டு, "உனக்கு வேலை தெரியுது, ஈகியூதான் இல்ல" என்று சொல்லிவிட்டார். ஈகியூ என்றால், தன் உணர்ச்சியையும் அடுத்தவர் உணர்ச்சியையும் கண்டுகொண்டு கையாள்கிற திறமை. உங்களுக்குப் பிறகு சேர்ந்த, ஓஎல்லோடு நிறுத்திய ஒரு பிள்ளையைக் கஸ்டமர்கள் தேடி வருகிறார்கள். கூட வேலை செய்கிற ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் "நீங்க எஸ்டேட்டா?" என்று கேட்டதற்கு இரண்டு நாள் அவரோடு பேசவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கடைசியில் கேள்வி: "இது நெசமாவே ஒரு திறமையா, இல்ல தலையாட்டச் சொல்றதுக்கு வெச்ச ஸ்டைலான பேரா?"

இரண்டும்தான் தம்பி. அப்படி ஒரு திறமை உண்மையாகவே இருக்கிறது. அதே பேரைச் சொல்லி ஆளை அடக்குகிற பழக்கமும் இருக்கிறது. உங்கள் மெனேஜர் எதைச் சொன்னார் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். நான் 19 வருசமாக இந்தத் துறையில்தான் இருக்கிறேன். கண்டியில் கிளார்க்காகத் தொடங்கி, கிளைகளில் வேலை செய்து, இப்போது புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். நானும் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவள். அதனால் கொழும்பிலிருந்து வருகிற ஸ்லைடுகளில் இல்லாத சிலதைச் சொல்ல முடியும்.

கல்வியியல் கல்லூரியில் படித்தவர்கள் இதை மனவெழுச்சி நுண்ணறிவு என்பார்கள். 1990 இல் பீட்டர் சலோவே, ஜோன் மேயர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதை ஒரு திறமையாக வரையறுத்து எழுதினார்கள். 1997 இல் அதையே திருத்தி நான்காகப் பிரித்தார்கள். முகத்திலும் குரலிலும் இருக்கிற உணர்ச்சியைச் சரியாகக் கண்டுகொள்வது. அதை யோசனைக்குப் பயன்படுத்துவது. அது எதனால் வந்தது, எதில் போய் முடியும் என்று விளங்கிக்கொள்வது. தன்னுடையதையும் அடுத்தவருடையதையும் கையாள்வது. இந்த நாலில் எங்கேயாவது பணிவு என்றோ சிரித்த முகம் என்றோ இருக்கிறதா பாருங்கள். இடையில் 1995 இல் டேனியல் கோல்மன் எழுதிய புத்தகம் உலகமெல்லாம் விற்று, "படிப்பு மூளையைவிட இதுதான் பெரிசு" என்ற பேச்சு ஆபீஸ் ஆபீஸாகப் பரவியது. ஆராய்ச்சி அவ்வளவு தூரம் போகவில்லை. 2010 இல் டானா ஜோசப், டேனியல் நியூமன் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மனிதர்களோடு முகம் கொடுத்து, தன் உணர்ச்சியை அடக்கியோ வரவழைத்தோ செய்யவேண்டிய வேலைகளில் இந்தத் திறமை கைகொடுக்கிறது. மற்ற வேலைகளில் அந்தப் பயன் காணவில்லை. நீங்கள் பின் அறையில் கணினியில் கணக்குப் பதிகிற ஆளாக இருந்திருந்தால் மெனேஜர் இந்தப் பேச்சையே எடுத்திருக்கமாட்டார்.

ஆனால் நீங்கள் இருப்பது அடகுக் கவுண்டரில். சம்பளத்துக்காக உணர்ச்சியைக் காட்டுவதும் மறைப்பதும் ஒரு உழைப்புத்தான் என்று 1983 இல் எழுதிய ஆர்லி ஹொக்சைல்ட், அதற்காக இரண்டு தொழில்களைத்தான் பார்த்தார். ஒன்று விமானப் பணிப்பெண், மற்றது கடன் வசூலிக்கிறவர். ஒருத்தி சிரிக்க வேண்டும், மற்றவர் முறைக்க வேண்டும். அடகுக் கவுண்டரில் ஒரே காலைக்குள் இரண்டையும் கேட்பார்கள்.

ஒரு கிளையில் ஓரமாக உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். சனிக்கிழமை, நல்ல கூட்டம். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு அம்மா, கையில் குடை, அடகு ரசீதை பொலித்தீன் பைக்குள் மடித்து, அதைச் சுருக்குப்பைக்குள் வைத்திருந்தார். ஏல நோட்டீஸ் வந்திருக்கிறது. கவுண்டரில் இருந்த தம்பி கெட்டிக்காரப் பிள்ளை, ரசீதைப் பார்த்த வேகத்தில் கணக்கைச் சொன்னான்: "அம்மா, ஏழு மாச வட்டி நிக்குது. இந்த மாசம் கட்டலன்னா ஏலத்துக்குப் போயிடும்." சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் வரிசையில் அந்த அம்மாவுக்குப் பின்னால் நின்றது அவர் தோட்டத்து ஆள். அந்த அம்மா திரும்பிப் பார்க்கக்கூட இல்லை, கழுத்து மட்டும் விறைத்தது. "நாளைக்கு வர்றேன் தம்பி" என்று ரசீதை வாங்கிக்கொண்டு போனார். நாளைக்கு ஞாயிறு, கிளை பூட்டு. அதை அவனும் யோசிக்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை.

பக்கத்துக் கவுண்டரில் இருந்த பிள்ளைக்கு அன்றைக்கே இதே மாதிரி ஒரு ஆள் வந்தார். அவள் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. கல்குலேட்டரில் அடித்து, அதை அப்படியே அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் பார்த்து, இல்லை என்பதுபோல் தலையை லேசாக ஆட்டினார். அவள் ஒரு துண்டுத் தாளில் அதைவிடக் குறைந்த ஒரு தொகையை எழுதிக் காட்டி, தணிந்த குரலில், "இன்னைக்கி இவ்வளவு கட்டுங்க, ஏலத்துல இருந்து தப்பிடும். மிச்சத்த சம்பளத்துக்குப் பாப்போம்" என்றாள். அவர் கட்டினார். கல்குலேட்டரைத் திருப்பி வைத்தாளே, அது ஒரு திறமை தம்பி. அதற்குச் சான்றிதழ் கிடையாது, ஆனால் கம்பனிக்கு அதனால் ஒரு கஸ்டமர் மிச்சம், அந்த மனிதருக்கு இரண்டு பவுண் சங்கிலி மிச்சம். உங்கள் கிளையில் கஸ்டமர் தேடி வருகிற அந்தப் பிள்ளை என்ன செய்கிறாள் என்று ஒரு நாள் கண்ணால் பாருங்கள். அவள் சொல்வதைக் கேட்பதைவிட, எப்போது குரலைத் தாழ்த்துகிறாள் என்று கவனியுங்கள்.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். அடுத்தவர் முகத்தைப் படிப்பதில் நாம் ஒன்றும் குறைந்தவர்கள் இல்லை. சொல்லப்போனால் நம்மைவிட அதில் பழகியவர்கள் இந்த நாட்டில் குறைவு. 200 வருசமாகப் பெரட்டுக்களத்தில், காலையில் வேலை பிரித்துக்கொடுக்கிற அந்த இடத்தில், நின்றவர்கள் நாம். காலையில் துரை வண்டியை விட்டு இறங்குகிற விதத்திலேயே இன்றைக்கு எந்த மலை, யாருக்கு ஏச்சு என்று ஊகித்துவிடுகிற ஆட்கள் எங்கள் லயத்தில் இருந்தார்கள். கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை புருவத்தைப் பார்த்தே இன்றைக்கு முழுப்பேரா அரைப்பேரா, அதாவது முழு நாள் சம்பளமா பாதியா, என்று அம்மா சொல்லிவிடுவார். இதற்குத் தமிழில் குறிப்பறிதல் என்று பேர். திருக்குறளில் அந்தத் தலைப்பில் இரண்டு அதிகாரம் இருக்கிறது, ஒன்று அரசன் முன்னால் நிற்கிற அமைச்சனுக்கு, மற்றது காதலிக்கிறவர்களுக்கு. நமக்குக் கிடைத்தது முதலாவது வகை. பயத்தில் வந்த குறிப்பறிதல். மேலே இருக்கிறவன் முகம் நமக்கு அத்துப்படி. வரிசையில் நிற்கிற, நம்மைவிட இல்லாத மனிதரின் முகத்தைப் படிக்க அந்தப் பழக்கம் தானாக வராது. அந்தக் கவுண்டர்த் தம்பியும் தோட்டத்துப் பிள்ளைதான், மெனேஜர் அறைக் கதவு திறக்கிற சத்தத்திலேயே அவருடைய மூட் தெரிந்துவிடும் அவனுக்கு.

நாம் பழகாத இன்னொரு பாதி, நமக்கு உள்ளே நடப்பதைக் கண்டுகொண்டு வாயைத் திறந்து சொல்வது.

என் கதையைச் சொன்னால்தான் இது விளங்கும். கண்டியில் முதல் வேலை, மூன்றாவது கிழமை. என் மேலதிகாரி ஒரு கட்டு ரசீதுகளை மேசையில் போட்டு, சிங்களமும் இங்கிலீசும் கலந்து வேகமாக ஏதோ சொன்னார். பாதி விளங்கியது. கடைசியில் "தேருணாத?" என்றார், விளங்கியதா என்று. நான் என்ன சொல்லியிருப்பேன்? "ஹரி சேர்." உங்களுக்கும் தெரியும் அந்த "ஹரி சேர்". சரி என்று அர்த்தம், ஆனால் நாம் சொல்லும்போது அதற்கு "தயவுசெய்து போங்கள்" என்று அர்த்தம். முழுக் கட்டையும் நான் தப்பான மாதத்தில் பதிந்தேன். மாத முடிவில் இரண்டு நாள் எல்லாரும் இருட்டும்வரை இருந்து அதைத் திருத்தினார்கள். அவர் கத்தவில்லை. "ஏன் கேட்கல?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. விளங்கவில்லை என்று சொன்னால் தோட்டத்துப் பிள்ளைக்குச் சிங்களம் தெரியாது என்று நினைப்பார்களே என்ற பயம்தான் காரணம் என்று எனக்கே அப்போது தெரியாது. பக்கத்து மேசையில் இருந்த சிங்கள அக்கா ஒருவர் பஸ்ஸுக்கு நடக்கும்போது சொன்னார்: "மட்ட தேருணே நே சேர்னு சொல்லு. யாரும் உன்னைத் தின்னமாட்டாங்க." எனக்கு விளங்கவில்லை சேர், அவ்வளவுதான் அந்த வசனம். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று அதைச் சொல்லிப் பார்த்தேன். சிரிக்காதீர்கள், வாய்க்கு வர ஒரு கிழமை ஆனது.

பல வருசம் கழித்துத்தான் இதற்கு ஆராய்ச்சி இருக்கிறது என்று படித்தேன். ஜேம்ஸ் க்ரொஸ் என்ற உளவியலாளர் ஆட்களுக்கு மனதைக் கலக்குகிற காட்சிகளைக் காட்டி, சிலரிடம் மட்டும் முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது என்று சொல்லிவைத்தார். முகம் அடங்கியது, உள்ளே உணர்ச்சி குறையவில்லை, உடம்புக்குள் பதற்றத்தின் அறிகுறிகள் சில கூடின. 2000 இல் ஜேன் ரிச்சர்ட்சோடு சேர்ந்து செய்த ஆய்வுகளில் இன்னொன்றும் தெரிந்தது. முகத்தை அடக்கிக்கொண்டு இருந்தவர்களுக்கு அந்த நேரத்தில் காதில் விழுந்த விசயங்கள் குறைவாகத்தான் ஞாபகம் இருந்தன. எனக்கு இதைப் படித்ததும் கண்டி மேசைதான் வந்தது. எனக்குச் சிங்களம் பாதி விளங்கியது உண்மை. விளங்கிய பாதியையும் முகத்தை அடக்குகிற வேலையில் தொலைத்தேன்.

ஆகவே "பொறுத்துப் போ, அதுதான் ஈகியூ" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பொறுத்துப்போவதில் நமக்குப் பயிற்சி வேண்டியதில்லை, அதில் நாம் பட்டதாரிகள். இப்போது நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது ஒன்றே ஒன்று: வேலை சொல்லப்பட்டதும் அதைத் திருப்பிச் சொல்லுங்கள். "சேர், இந்தக் கட்டு முழுக்க போன மாசத்துக்கு, சிவப்பு டிக் போட்டது மட்டும் இந்த மாசத்துக்கு, சரியா?" பத்து செக்கன் ஆகும். விளங்கவில்லை என்று ஒப்புக்கொள்ளத் தேவையில்லை, விளங்கியதைச் சரிபார்க்கிறோம், அவ்வளவுதான். சொல்கிறவருக்கும் அவர் அரைகுறையாகச் சொன்னது அப்போதுதான் தெரியும். இது ஒரு தந்திரம்தான், ஒப்புக்கொள்கிறேன். பெரிய மனமாற்றத்துக்குக் காத்திருந்தால் முதல் ஆறு மாதம் முடிந்துவிடும்.

அடுத்தது அந்த "எஸ்டேட்டா?" விசயம். இரண்டு நாள் பேசவில்லை என்கிறீர்கள், கோபம் என்கிறீர்கள். கோபம்தானா? தொல்காப்பியம் மெய்ப்பாடு, அதாவது உடம்பில் தெரிகிற உணர்ச்சி, எட்டு என்று சொல்லும்போது வெகுளி என்கிற கோபத்தை ஒன்றாகவும், இளிவரல் என்கிற சிறுமைப்பட்ட உணர்வை வேறொன்றாகவும் வைக்கிறது. நாம் எல்லாவற்றையும் கோபம் என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம். எனக்கும் "எந்த ஊர்?" என்று கேட்டால் "ஹட்டன்" என்று சொல்லி நிறுத்துகிற காலம் இருந்தது. "ஹட்டன்ல எங்க?" என்று அடுத்த கேள்வி வரும்போது காது சூடாகும். கேட்டவர் மேல் எரிச்சல் வரும். அவர் பாவம், தன் மாமா வேலை செய்கிற டிவிசனா என்று பார்க்கத்தான் கேட்டிருப்பார். எரிச்சலாக வெளியே வந்தது உள்ளே கூச்சம். கூச்சம் என்று தெரிந்துவிட்டால் செய்கிற காரியமும் மாறிவிடும். கோபத்துக்கு எதிராளி வேண்டும், கூச்சத்துக்கு ஒரு வசனம் போதும். என்னுடைய வசனம் இது: "ஆமா, எஸ்டேட்தான். அப்பா கவ்வாத்து, அம்மா கொழுந்து. நீங்க எந்தப் பக்கம்?" கேட்டவர் சும்மா கேட்டிருந்தால் அதோடு சோற்றுப் பார்சலைப் பிரித்துக் கதை தொடங்கும். குத்திக்காட்டக் கேட்டிருந்தால், அவர் கையில் இருந்த ஊசி அந்த இடத்திலேயே மொட்டையாகிவிடும். சில பேர் அதற்குப் பிறகும் விடமாட்டார்கள். அவர்களிடம், தனியாக, சத்தம் போடாமல், "அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கல, இனி வேண்டாம்" என்று சொல்லிவிடலாம். அதுவும் இந்தத் திறமையில் அடக்கம். இரண்டு நாள் பேசாமல் இருந்ததில் அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது, உங்களுக்கு மட்டும் சோறு இறங்கியிருக்காது.

இது படித்து வருமா என்றால், ஓரளவு வரும். பயிற்சியால் கூடுகிறது என்பதை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் சொல்லியிருக்கிறார்கள். நுவரெலியா ஹோட்டலில் ஒரு நாள், பலூன் ஊதி விளையாடி, பகல் பிரியாணியோடு முடிகிற பயிற்சியில் எவ்வளவு வரும் என்று நான் சொல்லப்போவதில்லை, எனக்கும் அதில் கொஞ்சம் வருமானம் இருக்கிறது.

ஆனால் கைத்தொழிலை விட்டுவிடாதீர்கள். உரைகல்லில் உரசிப் பார்த்து 22 காரட்டா இல்லையா என்று சொல்லத் தெரியாதவன் எவ்வளவு தணிந்த குரலில் பேசினாலும் கவுண்டரில் ஒரு கிழமை நிற்கமாட்டான். உங்கள் சிங்களம் எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. ஹட்டன் கிளையில் தமிழை வைத்துச் சமாளிக்கலாம், ஆனால் அடுத்த பதவி உயர்வு கம்பளைக்கோ கண்டிக்கோ மாற்றத்தோடுதான் வரும். அடுத்தவர் மொழியில் ஒரு கவலையை விளங்கிக்கொள்ள முடியாமல் அவருடைய உணர்ச்சியை மட்டும் விளங்கிக்கொள்வது நடக்காத காரியம்.

இனி அந்தப் பேரைத் தப்பாகப் பயன்படுத்துகிற இடம். கடை, காரியாலய ஊழியர் சட்டம் 1954 இல் இருந்து இருக்கிறது. ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்கு மேல் நின்றால் மேலதிகக் கொடுப்பனவு. ஈபிஎஃப் என்கிற ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதம் வெட்டுவார்கள், கம்பனி 12 வீதம் போட வேண்டும், ஈடிஎஃப் என்கிற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் முழுக்கக் கம்பனியின் பொறுப்பு. ஐந்து மாதமாகிவிட்டது, உங்கள் ஈபிஎஃப் உறுப்பினர் இலக்கம் கையில் இருக்கிறதா? இதைக் கேட்டதற்கு "டீம் ஸ்பிரிட் இல்ல, ஈகியூ இல்ல" என்று பதில் வந்தால் அது உளவியல் கிடையாது, பழைய பெரட்டுக்களம்தான், டை கட்டியிருக்கிறது. அங்கே முகத்தைப் படித்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. எழுத்தில் கேளுங்கள், பதில் இல்லை என்றால் தொழில் காரியாலயம் இருக்கிறது. கவுண்டரில் இருக்கிற தங்கச்சிமாருக்கும் இதைச் சொல்கிறேன். கையைத் தொட்டுப் பேசுகிற மேலதிகாரியின் "மனநிலையைப் புரிந்துகொள்வது" உங்கள் வேலையில் சேராது.

சரி, உங்கள் மெனேஜர் எந்த வகை என்று பார்க்கிற வழி. சனிக்கிழமை கேட்காதீர்கள், தோட்டச் சம்பளம் போடுகிற கிழமையிலும் வேண்டாம், மாத முடிவிலும் வேண்டாம். கூட்டம் குறைந்த ஒரு காலை, கிளை திறந்து தேத்தண்ணி குடித்த பிறகு, நோட்டுப் புத்தகத்தோடு போய் நில்லுங்கள். "சேர், அன்னைக்கி ஈகியூ இல்லன்னு சொன்னீங்க. எந்த நாள், எந்தக் கஸ்டமர், நான் என்ன செஞ்சேன்னு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் திருத்திக்கணும்." கேட்டுவிட்டு வாயை மூடிவிடுங்கள். அவர் யோசிக்கிற நேரம் உங்களுக்கு நீளமாகத் தெரியும், நடுவில் எதையும் சொல்லி நிரப்பாதீர்கள்.

அவர் ஒரு சம்பவத்தைச் சொன்னால், அந்த அம்மா, அந்த வரிசை, அந்தக் குரல் என்று சொன்னால், அன்றைக்கு விளக்கம் கொடுக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கு நியாயம் இருந்தாலும் அது நாளைக்கும் இருக்கும். எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டி, "இதானே சேர்?" என்று கேட்டுவிட்டு வெளியே வாருங்கள். சம்பவம் ஒன்றும் வராமல் "அதெல்லாம் நீயா புரிஞ்சிக்கணும்" என்று வந்தால், அல்லது நீங்கள் ஆறு மணிக்குப் பையை எடுத்த நாள்தான் அவருக்கு ஞாபகம் வருகிறது என்றால், அதையும் திகதி போட்டு எழுதி வையுங்கள். எது நடந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள் தம்பி. உறுப்பினர் இலக்கத்தைக் கேட்க மறக்காதீர்கள், அதை வேறொரு நாளில், வேறொரு ஆளிடம் கேளுங்கள்.